இடுப்பில் கட்டிய தறி

சின்செரோவில் மூச்சு வாங்குகிறது. பெரு நாட்டின் கூஸ்கோ நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலே. தில்லியிலிருந்து போன அந்தப் பெண்மணிக்கு நாலு படி ஏறியதும் நெஞ்சு படபடத்தது. உட்காரவைத்து, கோகா இலை போட்ட வெந்நீர் கொடுத்தார்கள். கோப்பையை வாங்கும்போதே அவர் கண், கொடுத்த கிழவியின் தோளில் கிடந்த சால்வைக்குப் போய்விட்டது. வெயிலில் வெளுத்த சிவப்பு. ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. மூச்சு சீரானதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அது விற்பனைக்கா?"

வழிகாட்டி அதைக் கெச்சுவா மொழியில் கேட்டார். கிழவி சிரித்துவிட்டு, சுவரில் தொங்கிய புதுத் துணிகளைக் கை காட்டினார்.

பெண்மணி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. துணிப் பித்து. பாட்டன் பட்டோலாவைத் தேடி குஜராத்துக்கும், இடுப்புத் தறியைப் பார்க்க நாகாலாந்துக்கும் போனவர். தெரிந்த சமாசாரம்தானே என்ற நினைப்பில் அன்று தறியில் உட்கார்ந்தார்.

பாவின் ஒரு முனை முளைக்குச்சியில். மறு முனை நெசவாளியின் இடுப்பில். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். ஆண்டிஸ் மலைத் துணியில் பாவு நூல்தான் வெளியே தெரியும். ஊடை உள்ளே மறைந்துவிடும். எனவே கோலமெல்லாம் பாவில்தான். ஒவ்வொரு வரிசைக்கும் எந்த நிற நூல் மேலே வர வேண்டும் என்று எண்ணி, விரலால் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்தக் கோலத்துக்கே 'பல்யாய்' என்றுதான் பெயர். கெச்சுவாவில் அதற்குப் பொறுக்குதல் என்று அர்த்தம். எதிரே வரைபடம் கிடையாது. ஊடையைத் தட்டி இறுக்குவது லாமாவின் எலும்பு. சின்செரோ சிறுமிகள் முதலில் நெய்யப் பழகும் மூன்று விரல் அகலப் பட்டையைத்தான் அவருக்கும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு சாண் கூடத் தேறவில்லை. பக்கத்தில் இருந்த சிறுமி மூன்று முறை பிரித்துச் சரிசெய்தாள். நாலாவது முறை விட்டுவிட்டாள்.

பெண்கள் தோளில் போர்த்தும் 'லிக்லியா' இரண்டு பாதிகளாக நெய்து நடுவில் தைக்கப்படுகிறது. மாதக்கணக்கில் வேலை. நான்கு பக்கமும் நெசவிலேயே கரை கட்டி முடிகிறது, கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. வழக்கமான நூல் வலப்புறமாக முறுக்கப்படும். ஓரத்துக்கு மட்டும் சில இடங்களில் இடப்புறம் முறுக்கிய நூல். கெட்டது அண்டாது என்று நம்பிக்கை. நம் ஊர் வலம்புரி, இடம்புரி விவகாரம் அங்கேயும் உண்டு.

சாயம் காட்டும் நேரத்தில் கொஞ்சம் நாடகம் இருப்பதை மறுப்பதற்கில்லை. பஸ் வந்து நின்றதும் கம்பளியைக் கிழங்கு நுரையில் வெளுத்துக் காட்டுகிறார்கள். சப்பாத்திக்கள்ளியில் வளரும் கோச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்குகிறார்கள். கை ரத்தச் சிவப்பாகிறது. எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சு. வேறு உப்பைச் சேர்த்தால் ஊதா. பயணிகள் 'ஆ' என்கிறார்கள், பர்ஸ்கள் திறக்கின்றன. கடைகளில் தொங்குவது எல்லாமே அந்தக் கைகள் நெய்தது என்று நம்புவது அவரவர் சௌகரியம்.

(இந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் ஒரு பழைய பந்தம் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு, ஸ்பெயின்காரர்களின் சிவப்புச் சாய வியாபாரத்தை முறியடிக்கக் காத்திருந்தார். 1795-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அதே குடும்பத்தின் மட்ட ரகப் பூச்சி. சாயம் தேறவில்லை. கள்ளியைத்தான் தின்று தீர்த்தது.)

நாடகத்துக்குப் பின்னால் நிஜமும் இருக்கிறது. சின்செரோவில் ஆடு மேய்த்தபடி நூற்கப் பழகிய நில்டா கயன்யாவ்பா 1996-ல் கூஸ்கோவில் பாரம்பரிய நெசவு மையத்தைத் தொடங்கினார். ரசாயனச் சாயமும் அக்ரிலிக் நூலும் ஊர்களை நிரப்பியிருந்த காலம். கிழவிகளின் ஞாபகத்தில் மட்டுமே இருந்த கோலங்களும் சாயங்களும் மறுபடி தறிக்கு வந்தன.

டிட்டிகாக்கா ஏரியில் உள்ள டக்கீலே தீவுக்கும் அவர் போனார். அங்கே ஆண்கள் நடந்துகொண்டே பின்னுகிறார்கள். குல்லாய் முழுச் சிவப்பாக இருந்தால் கல்யாணமானவர், மேல்பாதி வெள்ளையாக இருந்தால் ஆகாதவர். தரகர்களுக்கே இடமில்லாத வசதி. யுனெஸ்கோ 2005-ல் இத்தீவின் நெசவை மனிதகுலத்தின் அரும்பாரம்பரியமாக அறிவித்தது.

விவகாரம் தொடங்கியது ஏரிக்கு அப்பால், பொலிவியாவில்.

லா பாஸ் நகரின் சகார்நாகா தெரு மேட்டில் ஏறும்போது மூச்சுக்கு நிற்பது போல ஒவ்வொரு கடையிலும் நிற்கலாம். ஐமாரா பெண்கள் முதுகில் குழந்தையையும் உருளைக்கிழங்கையும் கட்டிக்கொள்ளும் 'அவாயோ' வானவில் நிறங்களில் மலிவாகக் கிடைக்கும். அவை மெஷினில் ஓடியவை. ஒரு கடைக்காரர் அவரை உள்ளே அழைத்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றைப் பிரித்தார். கறுப்பு மாதிரித் தோன்றும் பழுப்பு, நடுவில் மெல்லிய சிவப்புக் கோடுகள். தண்ணீர் மாதிரி வழுக்கியது. எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதில்: "பழசு, செனோரா. ரொம்பப் பழசு." மறுநாள் வாங்கிக்கொள்வதாக முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை சக பயணி ஒருவர் சொல்லித்தான் கோரோமா கதை அவருக்குத் தெரிந்தது.

கோரோமா, பொதோசி மாநிலத்தில் ஒரு மேட்டுநிலச் சமூகம். அங்குள்ள குலங்கள் முன்னோரின் ஆடைகளை மூட்டைகளாகக் கட்டிக் காத்துவந்தன. சில துணிகள் நூற்றாண்டுகள் பழையவை. ஊருக்கு அவை நினைவுச்சின்னமல்ல, முன்னோர்களேதான். முக்கியக் காரியங்களில் அவர்களைக் கலந்துகொள்வார்கள். நவம்பர் 1, சகல புனிதர் திருநாளில் மூட்டைகள் வெளியே வரும். அதைத் தெரிந்துகொண்ட வியாபாரிகள் வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். பிறகு காவலர்களில் சிலருக்குக் காசு கைமாறியது. 1982-83 வறட்சி மேட்டுநிலத்தை வாட்டிய பத்தாண்டு அது. மூட்டைகள் இளைத்தன.

இன்கா அரசில் துணிக்கு என்ன மதிப்பு என்று 1962-ல் புகழ்பெற்ற கட்டுரை எழுதியவர் பேராசிரியர் ஜான் முர்ரா. பணம் புழங்காத அந்த அரசு படைவீரனுக்குத் துணி கொடுத்தது. வென்ற நாட்டுத் தலைவனுக்கும் துணி கொடுத்தது. பின்வாங்கும் படைகள் துணிக் களஞ்சியங்களை எதிரிக்கு விடாமல் கொளுத்தின. அதே முர்ராவுக்கு சான்பிரான்சிஸ்கோ கண்காட்சி ஒன்றின் அழைப்பு அட்டை வந்தது. அட்டைப் படத்தில் கோரோமா துணி. அவர் தகவல் சொல்ல, 1988-ல் அமெரிக்க சுங்கத் துறை துணிகளைக் கைப்பற்றியது. 1989-ல் கோரோமா துணிகளின் இறக்குமதிக்கு அமெரிக்கா அவசரத் தடை விதித்தது. பொலிவிய சமூக உளவியலாளர் கிறிஸ்டினா புப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் விடாமல் அலைந்ததன் பலன், 1992-ல் ஏறத்தாழ 50 துணிகள் ஊர் திரும்பின. பத்தூர் நடராஜர் லண்டனிலிருந்து திரும்பியது அதற்கு முந்தைய வருடம், 1991-ல். அந்த வழக்கில் கோயிலும் ஒரு கட்சி. அதைப் படித்தவர்களுக்குக் கோரோமாக்காரர்கள் சொன்னது புரிந்திருக்கும்.

பெண்மணிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. உயரம் காரணமாகவும் இருக்கலாம். கடைக்காரர் வைத்திருந்தது திருட்டுப் பொருள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. யாரோ ஒரு பேத்தி, பையனின் பள்ளிக்கூடச் செலவுக்காகப் பாட்டியின் துணியை விற்றிருக்கலாம். அவள் துணி, அவள் இஷ்டம். வெளியூர்க்காரர் வந்து, அதை விற்காதே, கட்டிக்கொண்டு அழகாக நில் என்று சொல்வதில் ஒரு திமிர் இருக்கிறது. ஆனால் அந்தப் பேத்தியை யாரும் பார்க்கப்போவதில்லை. "பழசு" என்ற பதில் மட்டும்தான் உண்டு. சின்செரோ கிழவியிடம், கொடுத்த பானத்தைக் குடிப்பதற்கு முன்பே, அவரும் அதைத்தானே கேட்டார்? மறுநாள் அவர் கடைக்குப் போகவில்லை. முன்பணம் போனது. துணியை வேறு யாராவது வாங்கியிருப்பார்கள்.

சுக்ரே நகரில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார். சுற்றுவட்டாரத்து ஹல்க்கா பெண்களின் பழைய துணிகளை வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டதால், இளையவர்களுக்குப் பார்த்துப் பழக மாதிரியே இல்லாமல் போயிருந்தது. இங்கே பாடநூல் என்பது பாட்டியின் துணிதான். 1980-களில் மானுடவியலாளர் வெரோனிக்கா செரெசேதாவும் சகாக்களும் அமைத்த அசூர் என்ற நிறுவனம், பழைய துணிகளையும் அவற்றின் புகைப்படங்களையும் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. பெண்கள் பார்த்தார்கள், எண்ணினார்கள், நெய்தார்கள். ஹல்க்கா துணியில் சிவப்பும் கறுப்பும்தான் பிரதானம். கீழுலகத்து மிருகங்கள் தலைகீழாகவும் ஒன்றின் வயிற்றில் ஒன்றாகவும் மிதக்கும். எது தலை, எது வால் என்று பிடிபடச் சிறிது நேரமாகும். அங்கே புதிதாக நெய்த ஒன்றை, லா பாஸ் கடைக்காரர் கேட்டதைவிட அதிக விலைக்கு, பேரம் பேசாமல் வாங்கினார். சீட்டில் நெய்தவர் பெயரும் ஊரும் எழுதியிருந்தது.

தில்லியில் அது சுவருக்குப் போகவில்லை. அந்துப்பூச்சிக்குப் பயந்து பீரோவில், வேப்பிலைக்கு நடுவே இருக்கிறது. விருந்தாளி கேட்டால் எடுத்துக் காட்டுவார். சின்செரோவில் அவரே நெய்த ஒரு சாண் பட்டை, நடுவில் ஒரு கட்டம் கோணிக்கொண்டு, சூட்கேஸ் கைப்பிடியில் அடையாளத்துக்குக் கட்டியிருக்கிறது.