சிங்காரத்தோப்பு மாடிக் கூடம்

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் நான் குடியிருக்கும் வீட்டில், என் தகப்பனார் ஊர் ஊராகச் சென்று நிகழ்த்திய உபந்யாசங்களைக் கேசட்டுகளிலிருந்து மாற்றிச் சேமித்திருந்த ஹார்டு டிஸ்க், மாசி மாதத்திலிருந்தே ஒவ்வொரு கோப்பையும் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்றெண்ணி நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பங்குனி உத்திர சேர்த்தி முடிந்த மறுநாள் அதனுள்ளிருந்து ‘டக், டக்’ என்று சப்தம் எழவே, டிஸ்கைத் துணியில் சுற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் கடந்து, மெயின்கார்டு கேட்டில் இறங்கி, சிங்காரத்தோப்பை அடுத்த சந்தொன்றில் மாடியிலிருக்கும் பழுது பார்க்கும் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே மூவர் வேலை செய்கின்றனர். மூத்தவர் டிஸ்கை உடனே மாட்டிவிடவில்லை.

“வீட்டுல எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க சார்?”

“ஏழெட்டுத் தடவை இருக்கும்.”

அவர் முகம் வாடியது. “சத்தம் வந்தப்புறம் ஒரு தடவை போடுறதே அதிகம் சார்” என்றார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தீண்டாமலே மிதந்து செல்கிறது, அதைப் படிக்கும் முனையான ஹெட். தட்டில் பொறித்துள்ள அடையாளங்களைக் கொண்டு தன் இடத்தை அறியும் அது, அவை புலப்படாதபோது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மறுபடி முயல்கிறது. நாம் கேட்கும் ‘டக்’ அந்தத் திரும்புதலின் ஓசையே. பழுதுற்ற ஹெட் தட்டை உரசிவிட்டால், உரசிய இடத்திலிருந்தவை மீள்வதில்லை.

மின்சாரம் குறைந்தாலும் இதே சப்தம் வருமாதலால் முதலில் கேபிளை மாற்றினார். பிறகு டிஸ்கை உள்ளங்கையில் ஏந்தி மின்சாரம் கொடுத்து, கண்களை மூடிக்கொண்டார். சீரான அதிர்வின் நடுவே ஒரு தடுமாற்றம் வந்து போவதை என் கையிலும் வைத்துக் காட்டினார். ஸ்மார்ட் என்னும் சுயபரிசோதனைப் பட்டியலில் அவர் விரல் இரண்டு வரிகளில் நின்றது. 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களின் தொகை. 197, படிக்க இயலாமல் நிற்பவற்றின் தொகை. இரண்டும் பூஜ்யமாக இருப்பதே ஆரோக்கிய லக்ஷணம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே 197க்கு நேரேயிருந்த தொகை உயர்ந்தது.

ஆயினும் பட்டியலை மட்டும் நம்பியிருப்பதற்கில்லை. கூகுள் பொறியாளர்கள் லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரைப்படி, பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

பிறகு மூவரில் இளைஞராக இருந்தவரிடம் டிஸ்க் போயிற்று. நல்ல பகுதிகளை முதலில் பிரதியெடுத்து, கெட்ட இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வருவது அவர் கடைப்பிடித்த கிரமம். இரண்டு இரவுகள் அவர் அதன் பக்கத்திலேயே இருந்தார். மூடியைத் திறக்கும் வேலையை அவர்கள் அங்கே செய்வதில்லை. தூசியற்ற அறையில் செய்ய வேண்டிய அதைச் சென்னைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தம்மால் ஆகாததை ஆகாதென்று சொல்லும் அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாம் நாள் உபந்யாசங்கள் இரண்டு புதிய டிஸ்குகளில் என் கைக்கு வந்தன. ஒன்றைத் தஞ்சாவூரில் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். பதினொரு உபந்யாசங்கள் மீளவில்லை. மாசியிலேயே பிரதியெடுத்திருந்தால் அவையும் இருந்திருக்கும் என்று மூத்தவர் சொன்னார்.