துவாஸ் கரையிலிருந்து ஒரு பேக்பைப் ஓசை

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் ரயில் தண்டவாளம் முடிந்துபோகும் இடம் துவாஸ். பச்சை வழித்தடத்தின் கடைசி நிலையமான துவாஸ் லிங்க், 2017 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறினால், போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயணம் வேடிக்கையாக இருக்கும். எதிரே வரும் வண்டிகளில் நம்மூர் முகங்கள் நெருக்கியடித்து நிற்கும். நாம் போகும் வண்டியோ பாதி காலி. துவாஸில் இருப்பவர்கள் தேக்காவுக்கு வரும் நாளில், தேக்காவிலிருந்து துவாஸுக்கு யார் போவார்கள்?

துவாஸ் என்ற பெயரே மீனவர்கள் வைத்தது என்பார்கள். தென்னை மட்டைகளைக் கடலில் மிதக்கவிட்டு, அந்த நிழலுக்கு ஒதுங்கும் மீன்களை வலையோடு தூக்குவது இங்கே பழைய வழக்கமாம். அதற்கான மலாய்ச் சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது. 1980களில் கடலைத் தூர்த்தார்கள், தொழிற்சாலைகள் வந்தன. 2022 செப்டம்பர் 1 அன்று மாபெரும் துவாஸ் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. 2040களில் முழுமையடையும்போது ஆண்டுக்கு 6.5 கோடி சரக்குப் பெட்டிகளைக் கையாளுமாம். மீனவர் குடிசை இருந்த இடத்தில் இப்போது ஊழியர் தங்குவிடுதிகள்.

வண்டியில் போகும்போது நண்பர் ஒருவர் அனுப்பிய காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரீபியன் கடலில் போகும் ஒரு சொகுசுக் கப்பல். கப்பல் முழுக்க இசைவிழா. நீச்சல்குளத்தின் ஓரத்தில் மேடை. முழங்கால் வரை கட்டம்போட்ட கில்ட் கட்டிய ஆண்கள். ஒருவர் பேக்பைப் ஊத, மற்றவர்கள் பெரிய மேளங்களைக் குனிந்து நிமிர்ந்து அடிக்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் நீச்சலுடையில் ஆடுகிறார்கள். நண்பர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "வேட்டியை மடிச்சுக் கட்டின நம்ம உறுமி செட் மாதிரியே இல்ல?"

இருக்கிறதுதான். ஆனால் அவர்கள் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறார்கள். நம்முடைய உறுமி எங்கே நிற்கிறது?

துவாஸ் லிங்க்கில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ராஃபிள்ஸ் மரினா. படகுத்துறையின் நுனியில் வெள்ளை வெளேரென்று ஒரு சின்னக் கலங்கரை விளக்கம். மாலையில் படம் எடுக்க இளைஞர்கள் வருகிறார்கள். எதிரே, 1998-ல் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்புப் பாலம் ஜோகூரை நோக்கி நீளுகிறது. அதற்கு மூத்தது உட்லண்ட்ஸ் கடற்பாலம். 1942 ஜனவரி 31 அன்று ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் அந்த வழியாகத்தான் இந்தத் தீவுக்குள் வந்தன. கடைசியாகக் கடந்தவர்கள் ஆர்கைல் அண்டு சதர்லண்ட் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவினர். பேக்பைப் ஊதிக்கொண்டே வந்தார்கள். கில்ட் இல்லை; இந்த வெயிலில் அரைக்கால் சட்டைதான். அவர்கள் வந்ததும் பாலத்தை வெடிவைத்துத் துண்டித்தார்கள். பதினைந்தே நாளில் சிங்கப்பூர் விழுந்தது. தோற்று ஓடிவரும்போதும் ஊதுவதற்கு ஒரு வாத்தியம் வைத்திருந்த கூட்டம்!

அந்த வாத்தியமும் உடையும் குற்றமாக இருந்த காலமும் உண்டு. 1745-ல் ஸ்காட்லாந்து மலைநாட்டார் ஆங்கில அரசை எதிர்த்துக் கிளம்பித் தோற்றார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: மலைநாட்டு ஆண்கள் கில்ட் கட்டக்கூடாது. முதல் தடவை ஆறு மாதச் சிறை; மறுபடி சிக்கினால் ஏழாண்டு நாடுகடத்தல். ஜேம்ஸ் ரீட் என்ற பைப் கலைஞர், தான் ஆயுதமே தூக்கவில்லை என்று வாதாடிப் பார்த்தார். பைப் இல்லாமல் மலைநாட்டுப் படை நகர்வதில்லை, ஆகவே பைப்பும் போர்க்கருவிதான் என்று சொல்லித் தூக்கிலிட்டார்கள். ஆனால் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தவருக்கு மட்டும் கில்ட் கட்டலாம் என்று விலக்கு. தடை 1782-ல்தான் நீங்கியது. நாற்பதாண்டு கழித்து, 1822-ல், எடின்பரோ வந்த மன்னர் நான்காம் ஜார்ஜே கில்ட் கட்டிக்கொண்டார். கலகக்காரன் உடை விருந்தாளி உடையாகிவிட்டது. கப்பல் மேடைக்கு வந்துசேர இன்னும் இரண்டு நூற்றாண்டு.

இங்கே உறுமிக்கும் அப்படியொரு கதை உண்டு. தைப்பூச ஊர்வலத்தில் குழுக்களுக்குள் சண்டை மூண்டது என்று 1973-ல் வழிநெடுக இசைக்கத் தடை வந்தது. காவடி போனது, பால்குடம் போனது, மேளம் போகவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 2016-ல், ஹேஸ்டிங்ஸ் சாலை, ஷார்ட் ஸ்திரீட், தோபி காட் கிரீன் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பின்னர் இன்னும் தளர்ந்தது. சண்டை நடந்ததை மறைக்க வேண்டியதில்லை; ஒழுங்கும் வேண்டும்தான். ஆனால் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலைத் தெருவில் கேட்காமலேயே ஒரு தலைமுறை இங்கே வளர்ந்துவிட்டது. பேக்பைப்புக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. பெண் காவலர்களின் பைப் குழுவும் கூர்க்கா படையின் பைப் குழுவும் அணிவகுப்பில் வந்தால் நாமே எழுந்து நின்று கைதட்டுகிறோம். சீருடையோடு வரும் வாத்தியத்துக்கு வழி சுலபமாகத் திறக்கிறது.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது என் எண்ணமல்ல. நமக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் பழையது. சென்னைக் கோட்டைப் படையின் பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுசுவரங்கள் இயற்றினார். அவற்றில் 'வந்தே மீனாக்ஷி' ஓர் அயர்லாந்து மெட்டு. பேக்பைப்பின் தூரத்து உறவுக்காரன் நம்மிடமே உண்டு: ஆட்டுத்தோலில் காற்றடைத்துச் சுருதி கூட்டும் துத்தி. ஊர்க்கோயில் மேளத்தோடு அதைக் கேட்டவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்களோ!

கப்பலும் அப்படித்தான். தாத்தா காலத்துப் பேச்சில் அடிபடும் ராஜுலா, 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் வழியாகச் சிங்கப்பூர் வரும். ஒரு வாரம் போல ஆகும். ஐயாயிரம் பேர் வரை ஏற்றலாம் என்று அனுமதி. பெரும்பாலோர் தளப் பயணிகள். பாயும் டிரங்குப் பெட்டியுமாகத் திறந்த தளத்தில் படுத்து வந்த அந்தக் கூட்டத்துக்கு யாரும் மேடை போடவில்லை. 2014 முதல் இதே சிங்கப்பூரிலிருந்து 'இட்ஸ் த ஷிப்' என்ற இசைவிழாக் கப்பல் கிளம்பியது. டிஜே இசைக்கு அதில் இடம் இருந்தது. உறுமியும் பறையும் நாலு நாள் கடலில் ஒலித்தால் சீட்டு விற்காது என்று யாராவது சொன்னால், கில்ட் கட்டியவர்களைச் சுற்றி ஆடிய அந்த நீச்சலுடைக் கூட்டத்தைக் காட்டுவேன். அதில் பாதிப் பேருக்கு ஸ்காட்லாந்து எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது.

வாசிக்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. கலங்கரை விளக்கத்திலிருந்து நிலையத்துக்குத் திரும்பும் சாலையில் எதிர்ப்படும் தம்பிகளிடம் ஊரைக் கேட்டுப் பாருங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் என்பார்கள். கோயில் கொடையிலும் ஜல்லிக்கட்டிலும் மேளச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள். பொங்கலுக்கு விடுதியில் ஒலிபெருக்கி வைத்தால் கும்மியும் ஆட்டமும் தானாக வரும். மறுநாள் காலை பாதுகாப்புத் தலைக்கவசம்.

துவாஸைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு பிற்பகல் நாலு மணிக்குள் கிளம்புங்கள். சூரியன் ஏழு மணிவாக்கில்தான் மறையும். வண்டித்தண்ணீர் எடுத்துப் போங்கள், வழியில் கடைகள் குறைவு. திரும்பும்போது லிட்டில் இந்தியாவில் இறங்கி ஹேம்ப்ஷயர் சாலை பேருந்து முனையம் வரை நடந்து பாருங்கள். விடுதிகளுக்குப் போகும் பேருந்துகளுக்காக வரிசை நின்றுகொண்டிருக்கும். கையில் காய்கறிப் பை, காதில் கைப்பேசி. வரிசையின் நடுவில் யாரோ ஒருவர் சத்தமாக நாட்டுப்புறப் பாட்டு வைத்திருப்பார். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்காமலே, கைப்பிடிக் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.