இரத்தம் குடித்த பிறகு

மன்னார்த் தீவின் மாட்டுக் கொட்டில்களில் பிடிக்கும் பெண் அனோபிலிஸ் நுளம்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், இரத்தம் குடித்த அன்று வயிறு முழுக்கச் சிவப்பாக இருக்கும். மறுநாள் முன்பாதி கறுத்து, பின்பாதி வெளுத்துவிடும். அந்த வெண்மை வளரும் சூலகம். இதைப் பார்த்துப் பதிவது எங்கள் அன்றாட வேலை. ஆனால் இதை நடத்துவது நுளம்பின் தலை என்பது பலருக்குப் புதிது.

வயிறு நிறைந்ததும் மூளையிலுள்ள சில நரம்புக் கலங்களின் ஓமோன் உடற்திரவத்தில் கலக்கிறது. அது எட்டியதும் சூலகம் எக்டைசோன் என்ற இன்னொரு ஓமோனைச் சுரக்கும். எக்டைசோன் தூண்டினால்தான் கொழுப்புடல் மஞ்சட்கருப் புரதத்தைத் தயாரிக்கும். 1967இல் ஆர்டன் லீ என்ற ஆய்வாளர் அந்தக் கலங்களை மட்டும் அகற்றிப் பார்த்தார். இரத்தம் குடித்தும் முட்டை முதிரவில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பில் இன்னும் முரட்டுச் சோதனை உண்டு. குடித்த கையோடு தலையைத் துண்டித்தால் முட்டை வளராது. பல மணி நேரம் பொறுத்துத் துண்டித்தால், தலையில்லாத உடலிலும் வளரும்! கட்டளை அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

குடம்பி தோலுரிப்பதும் மூளை ஏவித்தான். கூடவே இளமை ஓமோன் இருக்கும்வரை அது குடம்பியாகவே இருக்கும். அந்த ஓமோன் குறைந்தால்தான் கூட்டுப்புழு. பைரிபுரொக்சிபென் என்ற மருந்து இந்த இளமை ஓமோனைப் போல வேலை செய்கிறது. இலங்கையின் எலஹெர மாணிக்கக் குழிகளில் தேங்கிய நீரில் இட்டபோது மலேரியா நுளம்பு குறைந்ததாக 2001இல் ஆய்வு வந்தது. மருந்திட்ட நீரில் குடம்பி நீந்துவதைக் கண்டு ஏமாற வேண்டாம், சாவு பெரும்பாலும் கூட்டுப்புழு நிலையில்தான்.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்க் கிணறுகளில் அகப்பட்டது, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. அதன் குடம்பி நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். டெங்கு நுளம்பினுடையது தலைகீழாகத் தொங்கும். கிணற்றில் குடம்பியைப் பிடிக்க வாளியை நிழல் விழாமல் இறக்க வேண்டும், நிழல் பட்டால் அடிக்குப் போய்விடும்.

குடிநீர்க் கிணற்றுக்கு நான் மருந்தைவிட மீனையும் வலையையுமே சொல்வேன். வலையின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் இன்றே அடைத்துவிடுங்கள். முட்டை முதிர்ந்தவளுக்கு அது போதும்.