மூச்சு வாங்கும் ஊர்

மனைவியுடன் கடைத்தெருவுக்குப் போகிற சில ஆண்பிள்ளைகளை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஐயா பத்தடி முன்னால் விறுவிறுவென்று போவார். அம்மாள் பின்னால் வருவாள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். கல்யாணமாகி இருபது வருஷமாக, என் மனைவி என் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் சுற்றியிருக்கிறாள். தென் அமெரிக்காவில், பெரு தேசத்து மலை நகரமான குஸ்கோவில், இந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது.

அவளை அழைத்துப் போகவே எனக்கு இஷ்டமில்லை. "குஸ்கோ கடல் மட்டத்துக்கு மேலே 3,400 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637தான். உனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றேன். அவள் சண்டை போடவில்லை. பல வருஷமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "என் டிக்கெட்டுக்கு இது போதுமா, பாருங்க" என்றாள். அதற்குமேல் நான் என்ன பேசுவது?

லிமா கடற்கரைப் பட்டணம். அங்கே விமானம் ஏறினால் ஒன்றரை மணிக்குள் குஸ்கோ வந்துவிடுகிறது. ஆசாமி வந்துவிடுகிறான், உடம்பு மட்டும் இன்னும் கடற்கரையிலேயே இருக்கிறது. உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும், கடற்கரையில் கிடைக்கிற பிராணவாயுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகிறது. புத்தகத்தில் படித்து இதை அவளுக்கு விளக்கியவன் நான். ஓட்டல் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டவனும் நான்தான். மண்டைக்குள் யாரோ உரலில் நெல் குத்தினார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி மேலே போனாள்.

கோகா இலையைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஊருக்கு அதுதான் சுக்குக் காப்பி. ஒரு நாள் முழுவதும் படுத்துக் கிடந்துவிட்டு, மறுநாள் காலை ஊர் பார்க்கக் கிளம்பினேன். நாலு எட்டு வைத்தால் நிற்க வேண்டியிருந்தது. அவள் முன்னால், நான் பின்னால்.

ஹதுன் ரூமியோக் என்று ஒரு குறுகலான தெரு. அங்கே இன்கா மன்னர்கள் காலத்துச் சுவர் ஒன்று நிற்கிறது. சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்லோடு கல் பொருந்தியிருக்கிறது. பன்னிரண்டு மூலைகள் கொண்ட கல் ஒன்று அதில் மிகவும் பிரசித்தம். சுற்றியுள்ள கற்களுக்கெல்லாம் இடம் கொடுத்துத் தானும் உட்கார்ந்திருக்கிறது. இன்காக்களிடம் இரும்பு உளி கிடையாது. கல்லைக் கல்லாலேயே தட்டித் தட்டித்தான் இப்படிப் பொருத்தினார்கள்.

கொரிகாஞ்சா என்ற சூரியன் கோவிலுக்குப் போனோம். ஒரு காலத்தில் அதன் சுவர்களில் தங்கத் தகடு பதித்திருந்தது. 1532-ல் ஸ்பானியர் அதாவல்பா மன்னனைச் சிறைபிடித்து, விடுதலைக்குத் தங்கம் கேட்டார்கள். இந்தத் தகடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தங்கத்தையும் வாங்கிக்கொண்டு, மறு வருஷமே அவனைக் கொன்றார்கள். பிறகு கோவில் சுவர்களின்மேலேயே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே 21-ந் தேதி பூகம்பம் வந்தது. ஊரில் பெருஞ்சேதம். மடத்தில் பல பாகங்கள் இடிந்து விழுந்தன. உள்ளே மறைந்து கிடந்த இன்காச் சுவர்கள் அப்படியே நின்றன.

"மேலே கட்டினவனுக்குக் கீழே இருக்கிறவன் பலம் தெரியலை" என்றாள் என் மனைவி. மடத்தைப் பற்றித்தான் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன்.

ஊருக்கு மேலே, குன்றின்மேல் சக்ஸாய்வாமான் கோட்டை. ஏற்றம் செங்குத்து. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் நடையைப் பின்னாலிருந்து பார்த்தேன். இடது காலைச் சற்றுத் தாங்கித்தான் வைக்கிறாள். எத்தனை நாளாக இப்படி? தெரியாது. இன்னொன்றும் கவனித்தேன். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று, புல் மேயும் லாமாவையோ தூரத்து ஓட்டுக் கூரைகளையோ வேடிக்கை பார்த்தாள். நான் நெருங்கியதும் நடந்தாள்.

மேலே மூன்று அடுக்காக, வளைந்து வளைந்து போகும் மதில்கள். நூறு டன்னுக்கு மேற்பட்ட கல்லெல்லாம் இருக்கிறது. ஸ்பானியர் சிறிய கற்களைத் தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். பெரியவற்றை அசைக்க முடியவில்லை. அந்த நிழலில் உட்கார்ந்தோம்.

"உனக்கு மூச்சே வாங்கவில்லையே!" என்றேன்.

"யார் சொன்னது? வந்த அன்னிலேயிருந்து தலைவலி. ரெண்டு பேரும் படுத்துட்டா யார் பார்க்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெட்டியின் கனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஊர் திரும்பிய பிறகும் என் கால்களுக்குப் பழைய வேகம் வந்துவிடத்தான் செய்கிறது. ஆனால் பத்தடி போனதும் நின்று, ஏதாவது ஒரு பாத்திரக் கடையை வேடிக்கை பார்க்கிறேன். அவள் வந்து சேர்ந்ததும் நடக்கிறேன்.

"என்ன, மூச்சு வாங்குதா?" என்கிறாள்.

"ஆமாம்" என்கிறேன்.