கதவைச் சாத்தும் கை

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ப்ரூனோ லத்தூர் 1988-இல் 'ஜிம் ஜான்சன்' என்னும் புனைபெயரில் ஒரு சமூகவியல் இதழில் எழுதிய கட்டுரையின் நாயகன், கதவின் மேல்விளிம்பில் திருகப்பட்டிருக்கும் டோர் குளோசர். பழுதான குளோசர் வேலைநிறுத்தத்தில் இருப்பதாக யாரோ ஒட்டிய அறிவிப்பிலிருந்து கட்டுரை புறப்படுகிறது. (இதற்குத் தமிழில் 'கதவடைப்பான்' என்று எங்களில் ஒருவர் பெயர் சூட்டினார். கதவடைப்பு என்றால் ஆலை முதலாளிகள் செய்வதல்லவா என்று மற்றொருவர் கேட்டார். ஒருபக்கம் வேலைநிறுத்தம், மறுபக்கம் கதவடைப்பு. வம்பே வேண்டாம், குளோசர் என்றே இருக்கட்டும்.)

சாத்த மறக்கும் மனிதர்களுக்குப் பதிலாகவும், சம்பளம் கேட்கும் காவலாளுக்குப் பதிலாகவும் நாம் ஓர் இயந்திரத்தை நிறுத்துகிறோம். அதுவோ கடந்துபோகிறவர்கள் அனைவருக்கும் ஒரே உடல்வலுவை நிபந்தனையாக விதிக்கிறது. சிறுகுழந்தைகள், முதியவர்கள், இரு கைகளிலும் சுமையுள்ளவர்கள் அந்நிபந்தனையில் தோற்கிறார்கள் என்பது லத்தூரின் அவதானிப்பு.

இதைத் தேடிப் படிக்க நேர்ந்தது டீச்சரால். நியூ ஜெர்சியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மேல்தளத்து அறையில் மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பேசும் எங்கள் வட்டத்தில் மூத்தவர் அவர்; ஊரில் முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவர். வயது 78. நடைச்சட்டத்தின் துணையோடுதான் நடக்கிறார். இரண்டு மாதம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "லிப்ட் வரைக்கும் நானே வந்துடுவேன்பா. அதுக்கப்புறம் ரெண்டு கதவு இருக்கே, அதுங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகல" என்றார். கதவைத் தள்ள ஒரு கை வேண்டும். சட்டத்தைப் பிடிக்க இரண்டு கைகள் வேண்டும்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2010 தரவிதிகளின்படி, கட்டடத்தின் உட்புறத்துக் கீல்கதவைத் திறக்க 5 பவுண்டு விசைக்கு மேல் தேவைப்படக்கூடாது. ஏறத்தாழ 22 நியூட்டன். குளோசர் பொருத்தியிருந்தால், 90 பாகையில் திறந்து நிற்கும் கதவு 12 பாகைக்கு வந்துசேரக் குறைந்தது 5 விநாடி ஆகவேண்டும். எங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி, கட்டடப் பராமரிப்பாளர் மீன் நிறுக்கும் தராசு போன்றதொரு விசைமானியோடு வந்தார். அறைக்கதவு 11 பவுண்டு காட்டியது. சாத்திக்கொள்ள இரண்டரை விநாடி.

அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தோம். பெட்டிக்குள் இருப்பது ஒரு சுருள்வில்லும் எண்ணெயும்தான். திறப்பவரின் உழைப்பை வில் வாங்கிச் சேமிக்கிறது. பிறகு அதைக் கொண்டே கதவைச் சாத்துகிறது. எண்ணெய் நுண்துளைகள் வழியே நெருக்கிப் பாய்வதால் வேகம் மட்டுப்படுகிறது. பெரும்பாதைக்கு ஒரு திருகு, தாழ்ப்பாள் விழும் கடைசிச் சில பாகைகளுக்கு வேறொரு திருகு. வலஞ்சுழியாகத் திருகினால் கதவு நிதானமாகும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்குச் சுற்றுக்குமேல் கூடாது. திருகை முழுதாகக் கழற்றினால் எண்ணெய் பீறிட்டு வெளியேறும், பெட்டியைத் தூக்கியெறிய வேண்டியதுதான். வேகத்துக்கும் பாரத்துக்கும் தொடர்பில்லை என்பதை அவர் இருமுறை வலியுறுத்தினார். மெதுவாகச் சாத்தும் கதவு இலேசான கதவு அன்று. பாரத்தைக் குறைக்க வில்லின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும்.

தளர்த்தினார். விசைமானி நாலரை காட்டியது, நாங்கள் கைதட்டினோம். கதவு சட்டத்தருகே வந்து, தாழ்ப்பாள் நாக்கில் முட்டி, அப்படியே நின்றுவிட்டது. வாங்கிய ஆற்றல் முழுவதையும் வில் திருப்பித் தருவதில்லை. உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மலிவான குளோசரில் இந்த இழப்பு மிகுதி என்பதால், திறக்க இலகுவாகவும் சாத்த உறுதியாகவும் இருக்கவேண்டுமென்றால் செயல்திறன் கூடியதைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் இங்கே குற்றவாளி வேறு. மேற்கீல் தொய்ந்து, நாக்கு தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. அந்த உரசலை வெல்ல யாரோ எக்காலத்திலோ வில்லை முறுக்கிவைத்திருக்கிறார்கள். கீலை இறுக்கியதும் நாலரைப் பவுண்டிலேயே தாழ் விழுந்தது. வேகத்திருகைச் சரிசெய்தபின், ஆறு விநாடி.

லிப்ட் முகப்புக்கும் நடைவழிக்கும் இடையிலுள்ள மற்றொரு கதவைத் தொட அவர் மறுத்துவிட்டார். அது தீத்தடுப்புக் கதவு. 5 பவுண்டு வரம்பு அதற்குப் பொருந்தாது. தானே சாத்தித் தாழ் விழுவதே அதன் முதற்கடமை. எங்கள் நண்பரொருவர் மரத்துண்டைக் கொடுத்து நிறுத்திவைக்கலாம் என்றார். பராமரிப்பாளர் முகம் மாறியது. "பிராங்க்ஸ் நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் மின்கணப்பு தீப்பற்றியது. அவ்வீட்டார் தப்பி வெளியேறினர். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய வாசற்கதவு சாத்திக்கொள்ளவில்லை. தீ பெரிதாகப் பரவவில்லை, புகை பரவியது. 17 பேர் மாண்டனர். அவர்களில் 8 பேர் குழந்தைகள்.

அதன்பின் மரத்துண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் டீச்சரை வெளியே நிறுத்திவைக்கும் நியாயமாக அந்த 17 பேரைச் சொல்லவும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டையும் காக்கும் ஏற்பாடு புதிதன்று: கதவைத் திறந்தநிலையில் பிடித்துவைக்கும் மின்காந்தம். தீ எச்சரிக்கை ஒலித்தாலோ மின்சாரம் நின்றாலோ காந்தம் பிடியை விட, கதவு சாத்திக்கொள்ளும். கட்டட உரிமையாளருக்கு எழுதினோம். அடுத்த ஆண்டுச் செலவுத்திட்டத்தில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. இவ்வகைப் பதில்களை டீச்சர் தம் பள்ளிக்காலத்திலேயே நிறையப் பார்த்திருக்கிறாராம். நாங்கள் மறுபடியும் எழுதியிருக்கிறோம், இம்முறை பராமரிப்பாளரின் அளவீடுகளையும் இணைத்து.

சென்ற மாதம் டீச்சர் வந்தார். அறைக்கதவை நடைச்சட்டத்தின் முன்விளிம்பாலேயே தள்ளித் திறந்துகொண்டு நுழைந்தார். அவர் உள்ளே வந்து நிமிர்ந்த பிறகும் கதவு பாதிவழியில்தான் இருந்தது. தீக்கதவுக்கு மட்டும் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். லிப்டில் ஏறும்போது அவர் தொலைபேசியில் அழைப்பார். அம்மாதத்துக்கு உரியவர் எழுந்துபோய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். சித்திரையில் கவிஞர், வைகாசியில் மொழிபெயர்ப்பாளர்.