தோல்வி யார் கணக்கில்?

கிரிக்கெட்டில் ஓர் அணி தோற்றால் பழியைப் பதினொரு பேரும் பங்கு போட்டுக் கொள்வார்கள். பேஸ்பாலில் அப்படி இல்லை. தோற்ற அணியின் பிட்சர்களில் (நம் கணக்கில் பவுலர்) ஒருவர் பெயரில் தோல்வி பற்று எழுதப்படும். விளையாடும் காலம் முடிந்த பிறகும் அந்த எண்ணிக்கை அவர் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

யார் அந்த ஒருவர்? ஜெயித்த அணி எந்த ரன்னால் முன்னிலை பெற்று, கடைசிவரை அதை விடாமல் வைத்திருந்ததோ, அந்த ரன்னுக்குப் பொறுப்பான பிட்சர். இந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லில்தான் வில்லங்கம். ஆட்டம் 2-2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ஆளை பேஸில் நிற்கவிட்டு பிட்சர் வெளியேறுகிறார். அடுத்து வந்தவர் பந்தில் அடி விழுகிறது, நின்றவர் ஓடி வந்து ரன் எடுக்கிறார். அந்த ரன் போனவர் கணக்கில்! ஆட்டம் 3-2 என்றே முடிந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோல்வி, அடி வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. இடையில் அவர் அணி ஒருமுறை சமன் செய்துவிட்டால் மட்டும் பழைய பாக்கி ரத்து.

இன்னொன்று. சக வீரரின் பிழையால் வந்த ரன்னைப் பிட்சரின் சராசரியில் சேர்ப்பதில்லை. தோல்வி விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது.

1959 மே 26, மில்வாக்கி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஹார்வி ஹாடிக்ஸ் பந்து வீசுகிறார். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம். அவரோ 12 இன்னிங்ஸ் வீசி, வந்த 36 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. அவருடைய அணியோ 12 ஹிட் அடித்தும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

13-வது இன்னிங்ஸ். மூன்றாம் பேஸ் வீரர் டான் ஹோக் பந்தைத் தவறாக எறிய, ஃபீலிக்ஸ் மான்டில்லா முதல் பேஸுக்குப் போய்விட்டார். அடுத்தவர் தன்னை அவுட்டாக்கிக்கொண்டு அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனை வேண்டுமென்றே நடக்க விட்டார்கள். பிறகு ஜோ அட்காக் வேலிக்கு வெளியே அடித்தார். அந்தக் கொண்டாட்டத்தில் ஆரன் பாதியிலேயே ஓட்டத்தை விட்டுவிட, அட்காக் அவரைத் தாண்டி ஓடியதால் ஹோம் ரன் டபுளாகக் குறைந்து ஸ்கோர் 1-0 ஆனது. அது வேறு கூத்து.

ஏட்டில், வெற்றி 12 ஹிட் கொடுத்த லூ பர்டெட்டுக்கு. தோல்வி, ஒரே ஒரு ஹிட் கொடுத்த ஹாடிக்ஸுக்கு. பிழையால் பேஸுக்கு வந்த மான்டில்லாவின் ரன் ஹாடிக்ஸின் சராசரியில் ஏறவில்லை. அதே ரன்தான் அவரைத் தோற்றவராக்கியது. 1991-இல் 'பெர்ஃபெக்ட் கேம்' வரையறையை இறுக்கியபோது அந்தப் பட்டியலிலிருந்தும் இந்த ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். தோல்விப் பதிவை எடுக்கவில்லை.