ஐம்பது நியூட்டன்

லைஃப் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்துணியில் ஒரு சீட்டு தைத்திருக்கும். அலசும் முறை, மார்பளவு, எடை எல்லாம் பொடி எழுத்தில். நடுவில் மட்டும் கொட்டை எழுத்தில் ஓர் எண்: 50. பக்கத்தில் தொங்குவதில் 100. சற்றுத் தள்ளி, விலையும் கொஞ்சம் தள்ளி, 150. புடவைக் கடையில் பழகிய கண்ணுக்கு எண் ஏற ஏறச் சரக்கு உசத்தி என்றுதான் தோன்றும். விற்பவரும் அந்த எண்ணத்தைக் கலைக்க மாட்டார்.

அந்த எண் நியூட்டன் கணக்கு. ஏறக்குறைய பத்து நியூட்டன் ஒரு கிலோவைத் தாங்கும். 50 என்றால் ஐந்து கிலோ. "உன்னை ஐந்து கிலோ தூக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேள்வியில் இருந்த குறும்பை விட்டுவிடலாம், விஷயம் இருக்கிறது. தண்ணீரில் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே ஏற்றுக்கொள்கிறது. மூக்கும் வாயும் மேலே நிற்க, வளர்ந்த ஆளுக்குக் கூடுதலாக வேண்டியிருப்பது பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து கிலோதான். கொழுப்பு மிதக்கும், எலும்பும் தசையும் அமிழும். அதனால் ஜிம்மே கதி என்று கிடக்கும் பையனுக்குத்தான் அதிகம் தேவை, எனக்குக் குறைவு. என் உடல்வாகுக்குச் சாதகமாக அமைந்த மிகச் சில இயற்கை விதிகளில் இது ஒன்று.

அப்படியானால் 100, 150, அதற்கும் மேலே 275 எதற்கு? உலகத் தர நிர்ணயத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சூழ்நிலை சொல்லப்பட்டிருக்கிறது. 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில், கூப்பிட்டால் ஆள் வரக்கூடிய இடத்தில். அது மிதக்க உதவும். மயங்கிக் குப்புறக் கிடப்பவரை மல்லாத்தாது. 100 அமைதியான நீரில் அந்த வேலையையும் செய்யப் பார்க்கும். 150 கரையை விட்டு விலகிய கடலுக்கு. 275 நடுக்கடலில், கனத்த உடையும் கருவிகளுமாக வேலை செய்கிறவர்களுக்கு. அந்த எண் என் எடையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. விழுந்தால் யார் வருவார்கள், எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பதுதான் அதன் கேள்வி. கடைக்காரரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான் துடுப்பு போடுவது சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டுக் கழிமுகத்தில். கோவளம் குப்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்குப் பலகையோடு, நின்றுகொண்டே துடுப்பு போடும் இந்த நீளப் பலகையையும் கற்றுத் தருகிறார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் கட்டுமரத்தில் மண்டியிட்டும் நின்றும் இதே கடலில் துடுப்பு வலித்தவர்கள். லைஃப் ஜாக்கெட் அணிந்து அல்ல. கட்டுமரம் கவிழ்ந்தாலும் முழுகாது, பிடித்துக்கொண்டால் போதும். இப்போதைய பலகையும் அப்படித்தான், நம்மிடம் இருப்பதிலேயே பெரிய மிதவை அதுதான். ஆனால் காற்றடைத்த பலகை பத்துக் கிலோ சொச்சம். ஆள் விழுந்த நொடியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். துரத்தி நீந்திப் பிடிக்க ஒலிம்பிக் வீரருக்கே மூச்சு வாங்கும். அதனால் பலகையோடு நம்மைப் பிணைக்கும் கயிறு முதலில், ஜாக்கெட் அதற்கு அடுத்து. கழிமுகத்தில் வலை கட்டிய கம்புகள் நிற்கும் இடங்களில் அந்தக் கயிறே சிக்கிக்கொள்ளும் என்பதால், ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் இடுப்புப் பட்டை நல்லது. அதன் கொக்கி ஜாக்கெட்டின் அடியில் மறைந்துவிடாமல் கைக்கு எட்ட வேண்டும் என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் போட்டுப் பார்த்தது 100. கழுத்தைச் சுற்றிக் கனத்த காலர், மார்பில் இரண்டு தடித்த மெத்தை. அதோடு படகில் உட்கார்ந்து போகலாம். துடுப்பு போடுவது என்றால் ஒவ்வொரு வீச்சுக்கும் தோளும் இடுப்பும் திரும்ப வேண்டும். காலர் தாடையில் இடித்தது. கற்றுத்தரும் தம்பி அதைக் கழற்றச் சொல்லி, கயாக் படகுக்காரர்கள் போடும் 50 ஒன்றைக் கொண்டுவந்தான். அகலமான கைத்துளை, அடி முதுகில் மெல்லிய வலை. ஜிப்பைப் போட்டு, பக்கவாட்டுப் பட்டைகளை இடுப்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினான். பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கினான். ஜாக்கெட் ஏறிக் காது வரை வந்துவிட்டது.

"உள்ள நீங்க இல்லக்கா, அது மட்டும்தான் மெதக்கும்."

ஒரு அளவு குறைத்தோம். அது தோளில் நின்றது, மார்பில் முட்டியது. இந்த இடத்தில் பெண்களுக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. நம் ஊர்ப் படகுத்துறைகளில் அடுக்கி வைத்திருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் தட்டையான ஆண் மார்பை மனத்தில் வைத்துத் தைத்தவை. ஒரு படகுத்துறையில், துப்பட்டாவுக்கு மேல் அதை மாட்டி, கொக்கி எட்டாமல், இரண்டு பட்டையையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நானும் படகில் என்னோடு வந்த பெண்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். வளைவு வைத்து வெட்டிய ஃபோமும் இறக்கி ஏற்றக்கூடிய தோள்பட்டையும் உள்ள ஜாக்கெட்டுகள் இருக்கத்தான் செய்கின்றன. கேட்டு, சொல்லி வைத்து வாங்க வேண்டும். எனக்கு மூன்றாவதாக வந்தது பொருந்தியது.

பொருந்தியது என்று கரையில் சொல்லக் கூடாது, தண்ணீரில் பலகை மேல் ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டும். விழுந்த பிறகு பலகையின் நடுப்பிடியைக் கையால் பற்றி, காலைப் பின்னால் உதைத்து, வயிற்றால் சறுக்கி மேலே வர வேண்டும். முன்பக்க ஃபோம் தடியாக இருந்தால் அது பலகையின் விளிம்பில் முட்டுக்கொடுத்து நின்றுவிடும். எவ்வளவு உதைத்தாலும் நெஞ்சு ஏறாது. மார்புப் பாக்கெட்டில் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். மிதக்க வைக்கும் அதே சாதனம் மிதவையில் ஏற விடாமல் தடுக்கிறது. முன்னால் தட்டையாகவும் ஃபோம் பக்கவாட்டில் பரவியும் உள்ளதைத் தேடுவது இதற்காகத்தான். இதைச் சோதிக்கக் கழுத்தளவுத் தண்ணீரும் பக்கத்தில் ஓர் ஆளும் போதும்.

இந்த ஃபோம் வருவதற்கு முன்னால் உள்ளே அடைத்திருந்தது தக்கை. அதற்குப் பிறகு இலவம் பஞ்சு. போடிப் பக்கம் மரத்தில் வெடிக்கிறதே, அதே பஞ்சு. மெழுகு பூசினாற்போன்ற அதன் நார் தண்ணீரை ஒட்டவிடாது. தன் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்கும். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வீரர்கள் பலர் அதைத்தான் மார்பில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் மெத்தையை இன்னும் மரியாதையாக வெயிலில் போட்டிருப்பாள்.

மே மாத வெயிலில் ஃபோம் என்பது கொடுமை. அதனால் இடுப்பில் கட்டும் பை மாதிரியான காற்று பெல்ட்டின் மேல் எல்லோருக்கும் ஆசை. சோடாவில் இருக்கும் அதே வாயு அடைத்த சின்னக் குப்பி உள்ளே. கயிற்றை இழுத்தால் பை உப்பும், எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொள்ள வேண்டும். இழுக்கவும் மாட்டவும் நினைவும் இரண்டு கையும் வேண்டும். பலகையின் விளிம்பு தலையில் பட்டு விழுந்தவருக்கு அது வெறும் பெல்ட். குப்பி ஒரு தடவைக்குத்தான். அடுத்ததற்கு அலைய வேண்டும். தண்ணீர் பட்டதும் தானே உப்பும் வகை இதற்கு ஆகவே ஆகாது. இந்த விளையாட்டில் விழுவது அன்றாடம், முதல் விழுகையிலேயே காசு காலி. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2008-இல் இந்தப் பலகையும் ஒரு கலம்தான், அலைச்சறுக்கும் குளியலும் நடக்கும் எல்லைக்கு வெளியே போனால் ஆளுக்கொரு ஜாக்கெட் இருந்தே ஆக வேண்டும் என்று சொன்னது. ஃபோம் என்றால் பெரியவர்கள் பலகையில் வைத்திருந்தாலும் ஒத்துக்கொள்வார்கள்; காற்று வகைகளில் பல, உடம்பில் இருந்தால்தான் கணக்கு. ஃபோமைப் பலகையில் கட்டிவைப்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். விழுந்த பிறகு தண்ணீருக்குள் அதை மாட்டி ஜிப் போட முயன்று பாருங்கள்.

எண்ணுக்கு வருகிறேன். கழிமுகத்தில், காலையில், கத்தினால் கேட்கும் தூரத்தில் தம்பி இருக்கையில் 50 போதும் என்று முடிவு செய்தேன். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் என்றால் அந்தக் கணக்கு மாறிவிடும். ஜூன், ஜூலை காலைகளில் நம் கரையில் மேற்குக் காற்று, நிலத்திலிருந்து கடலுக்கு. கரையோரம் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், பார்க்கிறவருக்கு இறங்கத் தோன்றும். நின்றுகொண்டிருக்கும் உடம்பே பாயாகிவிடுவதால், போகும்போது கைக்கு வேலையே இல்லை. திரும்பும்போது தெரியும். அப்படிப்பட்ட நாளில் தனியாகப் போகிறவருக்கு 100-ம் போதாது, 150-ம் போதாது. அவர் வாங்க வேண்டியது துணைக்கு ஓர் ஆளை.

கடைசியில் நிறம். எனக்குக் கருநீலம் பிடித்திருந்தது. அழுக்கு தெரியாது, ஆளும் இளைத்தாற்போல் இருக்கும். ஃபைபர் போட்டை மணலில் ஏற்றிவிட்டு வலை பிரித்துக்கொண்டிருந்த தம்பியின் சித்தப்பாவிடம் இரண்டையும் காட்டினோம். தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு வரப்போகிறவர் அவரைப் போன்றவர்தானே.

"நீலம் போட்டா ஆமைன்னு நெனச்சுட்டுப் போயிடுவோம்மா," என்றார். ஆரஞ்சு வாங்கினேன், விசிலோடு.